மச்சினன் என்ன விலை

மக்களிடம் போய் விசித்திரமான கேள்விகள் கேட்பதுதான் அந்தப் பொருளாதார நிபுணருக்கு உத்தியோகம். "தெருமுனை மரத்தைக் காப்பாத்த எவ்வளவு குடுப்பீங்க?" என்று ஒரு வீட்டில் கேட்பார். அடுத்த வீட்டில், "அதை வெட்டிட்டா எவ்வளவு வாங்கிட்டு சும்மா இருப்பீங்க?" என்பார். ஒரே மரம்தான். ஆனால் இரண்டாவது தொகை எப்போதும் எகிறிப்போய் நிற்கும். கையில் இருப்பது போகிறதென்றால் மனுஷனுக்குப் புத்தி பேதலித்துவிடுகிறது என்று கூட்டங்களில் சொல்லிச் சிரிப்பார்.

வீட்டில் அவருக்கு ஒரு மச்சினன். நேர்முகத் தேர்வுக்கென்று பெட்டியோடு வந்தவன், வேலையும் கிடைக்காமல் திரும்பியும் போகாமல் சோபாவில் வேர்விட்டுவிட்டான். பேச்சென்றால் காது புளித்துப்போகும் பேச்சு. ஷாம்பு பாட்டிலின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு ஒரு மணி நேரம் பேசுவான். இவனை யாராவது கூட்டிக்கொண்டு போனால் ஒரு மாதச் சம்பளத்தையே தூக்கிக் கொடுத்துவிடலாம் என்று நிபுணர் புலம்பாத நாளில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கீழே கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர் படியேறி வந்தார்.

"சார், உங்க மச்சினரை எனக்குக் குடுத்துடுங்க."

"எதுக்கு?"

"நேத்து வந்து உக்காந்து பேசினார். பயந்துபோய் இருந்தவங்கள்லாம் அவர்கிட்ட தப்பிச்சா போதும்னு முண்டியடிச்சு உள்ள வந்துட்டாங்க. ஒருத்தர் ஊசிகூட வேண்டாம், சீக்கிரம் புடுங்குங்கன்னுட்டார். உங்களுக்கு ஒரு மாசச் சம்பளம் தரேன். என்ன சொல்றீங்க?"

சரி என்று சொல்லத்தான் நிபுணர் வாயைத் திறந்தார். "ஆறு மாசச் சம்பளம்" என்று வந்தது.

டாக்டர் தாடையைத் தடவிக்கொண்டு, "சரி" என்றார்.

"ரெண்டு வருஷம்!"

மனைவி உள்ளேயிருந்து ஓடிவந்தாள். "என்னங்க இது, என் தம்பி என்ன பழைய பீரோவா?"

"அக்கா, நீ சும்மா இரு," என்றான் மச்சினன். "அத்தான், எறங்கிடாதீங்க."

டாக்டர் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு நடையைக் கட்டினார்.

மறுநாளே மச்சினன் பெட்டியைக் கட்டினான். ரெண்டு வருஷச் சம்பளம் பெறுமானமுள்ள ஆள் சோபாவில் படுப்பது கௌரவக் குறைச்சலாம். கீழே போய் டாக்டரிடம் நேரடியாகப் பேசி வேலையில் சேர்ந்துகொண்டான். நிபுணருக்குச் சல்லிக்காசு தேறவில்லை.

வீடு வெறிச்சென்றாகிவிட்டது. அந்த அமைதியில் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த வாரமே கீழே போய்ப் பல்வலிக்காரர்களுக்கு நடுவே உட்கார்ந்தார். மச்சினன் புதுச் சட்டையில், பேஸ்ட் மூடியைப் பற்றி வெளுத்துக்கட்டிக்கொண்டிருந்தான். மற்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே பாய, இவர் மட்டும் கண் கலங்கக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் அவர் முறையும் வந்தது.

"எந்தப் பல்லு சார்?" என்றார் டாக்டர்.

நிபுணர் நல்ல பல் ஒன்றைத் தொட்டுக் காட்டினார். "ஒரே நாள்ல முடிச்சுடாதீங்க டாக்டர். நாலஞ்சு தடவை வர்ற மாதிரி பாருங்க."