கால்மேல் போட்ட பழி

அந்த வண்டி குலுங்கும்போதெல்லாம் ஓட்டுகிறவள் மன்னிப்புக் கேட்பாள். சிக்னலில் நின்று கிளம்பி, மெல்ல வேகமெடுக்கிற நேரத்தில், பின்னாலிருந்து யாரோ எட்டி உதைத்த மாதிரி வண்டி ஒரு வெட்டு வெட்டும். தலை முன்னால் போய்ப் பின்னால் வரும். அது நிலைக்கு வருவதற்குள் வாய் முந்திக்கொள்ளும்: "ஐயோ, சாரி மேடம்!" பல் டாக்டர் அதைத்தான் சொன்னாள். தையல்காரி அதைத்தான் சொன்னாள். பள்ளிக்கூடத்தையே கதிகலங்க வைத்திருந்த கணக்கு டீச்சர்கூட அதைத்தான் சொன்னாள். சித்தியின் டிரைவிங் ஸ்கூலுக்கு வருகிற பெண்களுக்குள் இதைத் தவிர வேறு ஒற்றுமை கிடையாது.

சித்தியிடம் இருந்தது ஒரே ஒரு கார். கிளட்ச் இல்லாத ஆட்டோ கியர் வண்டி. பக்கத்து சீட்டில் உட்கார்கிற சித்தியின் காலுக்குத் தனியாக ஒரு பிரேக். பெண்களுக்கு மட்டும் என்று பின்கண்ணாடியில் ஒட்டியிருக்கும். ஆண்கள் அதைப் படித்துவிட்டு, படித்ததற்காகவே ஹார்ன் அடித்துவிட்டுப் போவார்கள்.

அந்த வண்டியில்தான் சித்தியின் அக்கா மகளான அவளும் கற்றுக்கொண்டாள். குடும்பத்தில் முதல் டிகிரி அவளுடையது என்பதால் சித்தி அவளைப் பட்டதாரி என்றுதான் கூப்பிடுவாள். பாதி கேலி, பாதி கர்வம். "ஏ பட்டதாரி, டீ குடிச்ச டம்ளரக் கழுவி வைக்கச் சொல்லித் தரலயா உங்க காலேஜுல?"

படித்ததற்கு வேலையும் கிடைத்திருந்தது. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில். குளம், கிணறு, குழாய் என்று அலைந்து பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் பிடித்து வர வேண்டும். வண்டி ஆபீஸ் தரும். லைசென்ஸ் நீ கொண்டுவர வேண்டும், அதுவும் இந்த மாதம் முடிவதற்குள். இல்லையென்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று ஆபீசில் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்கள். அவர்களுக்குச் சிரிப்பு வந்தது.

முதல் டெஸ்ட்டில் வண்டி வெட்டியது. சரியாக லைசென்ஸ் இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்த நேரத்தில். அவளும் ஊரோடு ஒத்து, "சாரி சார்" என்றாள். இன்ஸ்பெக்டர் முகத்தைக்கூடத் திருப்பவில்லை. "நீங்களே ஒத்துக்கிட்டீங்க. நான் என்னத்த சொல்ல? கண்ட்ரோல் பத்தல. இறங்கிக்கோங்க."

வீட்டில் அம்மா ஆறுதல் சொன்னாள். ஆறுதல் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். "விடுடி. ஃபேனுக்கடியில உக்காந்து பாக்கற வேலையாத் தேடு. உனக்குக் கால் வரல, அவ்வளவுதான்."

கால் வரலையாம். இருபது பேர் குறுக்கே நின்றாலும் கல்லூரி பஸ்ஸில் ஏறத் தெரிந்த காலுக்கு ஒரு பெடலை மிதிக்க வரவில்லையாம்.

சித்திதான் வேறு மாதிரிக் கேட்டாள்.

"சாரி சொன்னியா?"

"சொன்னேன்."

"எதுக்கு?"

"குலுங்குச்சே."

"நீயா குலுக்குன?"

அவளுக்கு உள்ளுக்குள் ஆமாம் என்றுதான் இருந்தது.

"இங்க பாரு. உங்க பக்கத்துல உக்காந்து நான் ரோட்டப் பாக்கறதவிட உங்க காலப் பாக்கறதுதான் அதிகம். மிதிக்கறீங்க. பயம் வருது. ஒரு நூல் தூக்கறீங்க. திரும்ப மிதிக்கறீங்க. அது தப்பே இல்லடி. புதுசா ஓட்டறவ அப்படித்தான் ஓட்டுவா. அந்த ஒரு நூலத் தாங்க முடியாம கியர் தடுமாறுதுன்னா, கோளாறு யாருக்கு?"

"ஷோரூம்ல வண்டி நல்லாருக்குன்னுதானே சொல்றாங்க?"

"சொல்லட்டும். அவங்களுக்கு வாய் இருக்கு."

சித்தி ஷோரூமின் சர்வீஸ் சென்டருக்கு நடையாய் நடந்தாள். ஒரு தடவை கம்ப்யூட்டரில் ஏதோ ஏற்றினார்கள். இன்னொரு தடவை கியர் ஆயிலை மாற்றினார்கள். வேறொரு தடவை ஒன்றும் செய்யாமல், கழுவித் துடைத்து, சீட்டுக்கு வாசனை அடித்துக் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் அவர்களுடைய டிரைவர் எடுத்துக்கொண்டு போவான். எண்ணெயில் வழுக்குகிற மாதிரி ஒரு சுற்றுச் சுற்றி வந்து நிற்பான். அவன் காலில் பயம் ஏது? வண்டியும் சமர்த்தாக இருக்கும், விருந்தாளி வந்த வீட்டுக் குழந்தை மாதிரி. பிறகு சர்வீஸ் மேனேஜர் வெளியே வந்து, மாறாத அதே புன்னகையோடு, "ஒண்ணுமில்ல மேடம். கத்துக்கறவங்க கால் அப்படி. வண்டி பாவம், என்ன பண்ணும்?" என்பார். சித்தி அவருக்கு ஒண்ணுமில்ல சார் என்றே பேர் வைத்துவிட்டாள்.

வாரண்டி முடிய அவர்கள் காத்திருக்கிறார்கள் என்பது அவளுக்குப் புரிந்தது. சித்திக்கும் புரிந்தது. ஆனால் சித்தி கத்தவில்லை, மறுபடியும் போனாள். சத்தம் போடாமல் ஒருத்தியால் இவ்வளவு பிடிவாதமாக இருக்க முடியும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. அவளுடைய கோபம் எல்லாம் வாசலிலேயே வெடித்துத் தீர்ந்துவிடுகிற ஜாதி. சித்தியின் கோபம் செருப்பு மாட்டிக்கொண்டு நடக்கும்.

இதற்கு நடுவில், விடிந்ததும் விடியாததுமாக அவளைக் கூட்டிப்போய்ச் சித்தி பயிற்சியும் கொடுத்தாள். "வெட்டுனா வெட்டட்டும். நீ காலத் தூக்காத. திட்டிக்கிட்டே மிதி." திட்டுவதற்கு அவளுக்குச் சொல்லித்தர வேண்டுமா? இன்ஸ்பெக்டரைத் திட்டினாள். ஒண்ணுமில்ல சாரைத் திட்டினாள். ஃபேனுக்கடியில் வேலை பார்க்கிற உலகத்தையே திட்டினாள். கால் அழுத்தமாக இறங்கியது.

கடைசியில் ஒருநாள் ஒண்ணுமில்ல சாரைப் பின்சீட்டில் ஏற்றிவிட்டாள் சித்தி. எப்படி என்று கேட்கக்கூடாது. "நீங்க வண்டிய ஓட்ட வேணாம் சார், ஓட்டறவங்களோட உக்காருங்க போதும்" என்று வரும்போதெல்லாம் சொல்லிச் சொல்லி, இந்த அம்மாளை அனுப்பினால் போதும் என்கிற நிலைக்கு மனிதரைக் கொண்டுவந்திருந்தாள். அவருக்குப் பக்கத்தில் ஒரு டெக்னீஷியன், மடியில் லேப்டாப், அதிலிருந்து வண்டிக்குள் ஓடுகிற ஒயர். ஸ்டீயரிங்கில் பட்டதாரி.

கிளப்பினாள். வண்டி நழுவிப் போனது. சிக்னலில் நின்று எடுத்தாள். நழுவியது. மேட்டில் ஏற்றினாள், சந்தில் திருப்பினாள், ஆட்டோவுக்கு வழிவிட்டு எடுத்தாள். எங்கேயும் ஒரு சின்ன உதறல்கூட இல்லை. வேண்டுமென்றே காலைத் தூக்கித் தூக்கி மிதித்தாள். பயந்த மாதிரி நடிக்கிற காலை அந்த வண்டி நம்பவே இல்லை.

"ரொம்ப நல்லா ஓட்டறீங்களே" என்றார் மேனேஜர், செல்போனைப் பார்த்தபடி. "நான்தான் சொன்னேனே மேடம். ஒண்ணுமில்ல."

அவளுக்குக் காதெல்லாம் எரிந்தது. ஓட்ட வந்துவிட்டது. எந்த நாளில் வரக்கூடாதோ அந்த நாளில் வந்து, சித்தியைப் பொய்க்காரி ஆக்கிவிட்டது. சர்வீஸ் சென்டர் வாசலில் வண்டியை நிறுத்தியவள் கதவை அறைந்து சாத்தினாள்.

"சித்தி, சாரி..."

"அந்த வார்த்தைய இன்னொரு தடவ சொன்னா பல்லு இருக்காது" என்றாள் சித்தி. முகம் மட்டும் மலர்ந்திருந்தது. "என்னமா ஓட்டுறடி! நான் வாரண்டிய மறந்துட்டு உன் காலையே பாத்துட்டிருந்தேன்."

"பெருமைப்படற நேரமா இது?" அவள் மேனேஜர் பக்கம் திரும்பினாள். "சார், நீங்க ஓட்டத் தெரிஞ்சவங்கள வச்சே ஓட்டிப் பாக்கறீங்க. நானும் இப்ப அந்தக் கூட்டத்துல சேந்துட்டேன் போல. இது ஓட்டத் தெரியாதவங்க வண்டி சார்! அவங்களுக்குத்தான் இது வெட்டுது!"

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. சித்தி அதற்குள் வாசலிலிருந்தே உள்ளே ஹாலை ஒரு நோட்டம் விட்டிருந்தாள்.

"இங்க வண்டி ஓட்டத் தெரியாதவங்க யாரு சார் இருக்கா?"

கேஷ் கவுன்ட்டர் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்ததால்தான் மாட்டிக்கொண்டாள்.

"நானா? ஐயையோ! நான் பஸ்ல வர்றவ மேடம்."

"இங்க எத்தன வருஷமா வேலை?"

"ஆச்சு, பெரியவன் பொறந்ததுலருந்து."

"இத்தன வருஷமா காருக்குப் பில் போடறீங்க, ஒரு நாளாவது யாராவது சாவியக் குடுத்தாங்களா?"

அக்கா சிரித்தாள். மேனேஜர் சிரிக்கவில்லை. "மேடம், அவங்களுக்கு ஆக்ஸிலேட்டர் எது, பிரேக் எதுன்னே தெரியாது."

"அதான் சார் வேணும். பின்னாடி உங்க யார்டுலயே ஓட்டட்டும். என் கால் என் பிரேக்குல இருக்கும். நீங்க பழையபடி ஏறி உக்காருங்க."

யார்டில் காலியாக ஒரு நீள இடமும் அதன் முடிவில் ஒரு சரிவும் இருந்தன. மெக்கானிக்குகள் ஸ்பானரோடு வரிசையாக வந்து நின்றார்கள். "அக்கா, டிக்கெட் யார்கிட்ட வாங்கணும்?" என்று ஒருவன் கேட்டான். "உன் சம்பளத்துல பிடிச்சுக்கறேன் போடா" என்று கண்ணாடியை இறக்கிப் பதில் சொன்னாள் அக்கா. புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பட்டதாரி ஓரமாக நின்று பார்த்தாள். அந்தக் கால் எப்படி இருக்கும் என்று வெளியிலிருந்தே அவளுக்குத் தெரிந்தது.

"மெதுவா மிதிங்க" என்று சித்தியின் குரல் கேட்டது. "ஆங். பயமாருக்கா? பயப்படுங்க. ஒண்ணும் தப்பில்ல."

வண்டி ஊர்ந்தது. கொஞ்சம் வேகம் எடுத்தது. பிறகு, யார்டில் நின்ற அத்தனை பேரும் பார்க்க, எட்டி உதைத்த மாதிரி ஒரு வெட்டு. மேனேஜரின் செல்போன் பறந்து முன்சீட்டுக்குப் போனது. அவருடைய நெற்றி சீட்டின் முதுகில் போய் இடித்தது. அக்கா ஸ்டீயரிங்கை அப்படியே விட்டுவிட்டு இரண்டு கையையும் கூப்பினாள்.

"சாரி சார்! ஐயோ சாரி சார்! நான்தான் அப்பவே சொன்னேனே சார்!"

சித்தி தன் பிரேக்கை அழுத்தி நிறுத்தினாள். மெதுவாகப் பின்னால் திரும்பினாள். எல்லாக் கண்ணாடியும் இறங்கியிருந்ததால் எல்லாருக்கும் கேட்டது.

"பாத்தீங்களா சார். உங்க வண்டி பண்ற தப்புக்கு இவங்க மன்னிப்புக் கேக்கறாங்க. என்கிட்ட வர்ற அத்தன பேரும் இதத்தான் கேக்கறாங்க. ஒருத்தி அழுதுட்டு நின்னுட்டா, திரும்ப வரவே இல்ல."

"ஒண்ணுமி..." என்று தொடங்கிய மேனேஜர் பாதியில் நிறுத்தி, நெற்றியைத் தடவினார்.

டெக்னீஷியன் லேப்டாப்பிலிருந்து தலையை எடுக்கவில்லை. "சார், காட்டுது. இத்தன நாளா காட்டாதது இப்பக் காட்டுது." அவன் குரலில் புதையல் கண்ட சந்தோஷம். "அக்கா, அதே மாதிரி இன்னொரு தடவ பயப்படுங்களேன்."

அக்கா இன்னொரு தடவை பயந்தாள். வண்டி இன்னொரு தடவை வெட்டியது. இந்த முறை அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. மேனேஜரைக் கண்ணாடியில் பார்த்தாள், அவ்வளவுதான்.

கீழே இறங்கிய மேனேஜர் முகத்தில் புன்னகையைக் காணோம். அது இல்லாமல் அவர் கொஞ்சம் மனுஷனாகத் தெரிந்தார். "எங்களால சரி பண்ண முடியாது மேடம். நிஜமாவே முடியாது. கியர்பாக்ஸையே கம்பெனி மாத்தணும். வாரண்டியில நான் எழுதி அனுப்பறேன். வர நாளாகும்."

"முடியாதுன்னு சொன்னதுக்கு ரொம்ப நன்றி சார்" என்றாள் சித்தி. கிண்டல் இல்லை. உண்மையிலேயே அதற்காகத்தான் அவள் இத்தனை நடை நடந்திருந்தாள்.

திரும்பும்போது பட்டதாரிதான் ஓட்டினாள். பாதி வழியில் கேட்டாள்.

"சித்தி, நீ ஓட்டும்போது இது வெட்டியிருக்கா?"

"இல்லயே."

"ஒரு தடவ கூடவா?"

"ஒரு தடவ கூட இல்ல. வாங்கின நாள்லருந்து என் காலுக்குத் தங்கமா ஓடுது."

"அப்புறம் எப்படி எங்கள நம்புன?"

"இதென்னடி கேள்வி? பொய் சொல்றதுக்கா என்கிட்ட ஃபீஸ் கட்டிட்டு வர்றீங்க? முன்னாடி பாத்து ஓட்டு, எரும வருது."

எருமை கடந்து போகும் வரை அவள் காத்திருந்தாள். தனக்கு வராத ஒன்றை, அதுவும் தன் வண்டியில், தன் பிழைப்பைக் கெடுக்கிற ஒன்றை, அடுத்தவள் சொன்னாள் என்பதற்காக நம்புவது எவ்வளவு பெரிய விஷயம்! படித்தபோதும் சரி, வேலை தேடியபோதும் சரி, அவள் சொன்ன எதையும் யாரும் முதல் தடவையில் நம்பியதில்லை. சித்திக்கு இதெல்லாம் விஷயமாகவே தெரியவில்லை. ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு அவள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள், சுருதியே இல்லாமல்.

மாதக் கடைசியில் இருந்த இரண்டாவது டெஸ்ட்டுக்கு முன்னால் கியர்பாக்ஸ் வரவில்லை. அதே வண்டி. அதே இன்ஸ்பெக்டர். அவர் அவளை அடையாளம் கண்டுகொண்ட மாதிரிப் பார்த்தார், அது நல்லதற்கா என்று தெரியவில்லை.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நேராகப் போ என்றார், போனாள். இடது பக்கம் என்றார், திரும்பினாள். பிறகு திடீரென்று, "நிறுத்துங்க! இல்ல, வேணாம், போங்க, வலது பக்கம் திரும்புங்க" என்றார். நிறுத்தத் தூக்கிய கால் பாதியில் தடுமாறி மறுபடியும் இறங்கியது. அந்த ஒரு நூல். வண்டி வெட்டியது. இன்ஸ்பெக்டரின் பேனா தாளில் ஒரு கோடு இழுத்தது.

வாய்க்குள் அந்தப் பழைய வார்த்தை வந்து நின்றது. அவள் அதை விழுங்கினாள். ஸ்டீயரிங் நேராக இருந்தது. கால் அழுத்தமாக இருந்தது. கண் ரோட்டில் இருந்தது.

"கியர்பாக்ஸ் கோளாறு சார். ஷோரூம்லயே ஒத்துக்கிட்டாங்க, மாத்தறாங்க. நீங்க சொன்ன திருப்பம் இதா, அடுத்ததா?"

வண்டியில் ஏறியதிலிருந்து இன்ஸ்பெக்டர் முதல் தடவையாக முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. குறுக்கே ஒரு சைக்கிள் போய்க்கொண்டிருந்தது.

"அடுத்தது" என்றார்.

டெஸ்ட் மைதானத்துக்கு வெளியே, மதில் ஓரமாகச் சித்தி நின்றிருந்தாள். பக்கத்தில் கேஷ் கவுன்ட்டர் அக்கா, கையில் சாப்பாட்டுப் பை, அரை நாள் லீவு. கியர்பாக்ஸ் வந்ததும் முதல் வகுப்பு தனக்குத்தான் வேண்டும் என்று பேர் கொடுக்க வந்திருந்தாள்.

பாஸ் என்று எழுதிய தாளை ஆட்டிக்கொண்டு பட்டதாரி வந்தாள். சித்தி தாளைப் பார்க்கவில்லை.

"வெட்டுச்சா?"

"வெட்டுச்சு."

"என்ன சொன்ன?"

"வழி கேட்டேன்."

சித்தி அவள் கன்னத்தைக் கிள்ளினாள், வலிக்கிற அளவுக்குக் கிள்ளினாள். சாவியை மட்டும் வாங்கவே இல்லை. பின்கதவைத் திறந்து அக்காவை உள்ளே தள்ளினாள், தானும் ஏறி அவளுக்குப் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்தாள். முன்னால் சித்தியுடைய சீட்டும் அந்தத் தனி பிரேக்கும் காலியாக இருந்தன.

"எடுடி வண்டிய" என்றாள். "அக்காவ ஷோரூம் வாசல்லயே இறக்கி விடலாம். ஒண்ணுமில்ல சார் பாக்கட்டும்."