மூன்று முறை மூழ்கிய உலகநாதன்

உலகநாதன் எங்களுக்குச் சொந்தமில்லை. செல்போன் விளையாட்டில் வருகிற படகுக்காரன். ஆனாலும் அவன் முதல் தடவை கடலில் மூழ்கியபோது என் மனைவி புவனேஸ்வரி எழுந்து போய்த் தலை முழுகினாள். பக்கத்து வீட்டு இளவரசி, "யாருக்கு இன்னா ஆச்சு?" என்று ஓடி வந்தாள்.

"தெரிஞ்ச பையன்தான்" என்றேன். பொய்யில்லை.

கரும்புத் தோட்டத்தில் வழுக்கி விழுந்து, முட்டி வீங்கி, ஒதியம்பட்டு வீட்டில் கட்டிலோடு கிடந்தபோது பிடித்த பழக்கம் இது. கதை ஓடும், நடுநடுவே நின்று, இதைச் செய்வாயா அதைச் செய்வாயா என்று கேட்கும். நாம் ஒன்றைத் தொட வேண்டும். தப்பாகத் தொட்டால் கடைசியில் உலகநாதன் செத்துப்போவான். நாய்க்குச் சோறு வைக்காததால் ஒரு தடவை செத்தான். மாமனாரை எதிர்த்துப் பேசியதால் இன்னொரு தடவை. மூன்றாவது தடவை எனக்குத் தும்மல் வந்து விரல் நழுவிவிட்டது.

ஒவ்வொரு சாவுக்கும் புவனேஸ்வரி முழுகினாள். கிணற்றில் தண்ணீர் இரண்டு படி இறங்கிவிட்டது. மோட்டாரில் வெறும் காற்று வருகிறதென்று பக்கத்து வயல்காரன் சண்டைக்கு வந்தான். அவளுக்கோ நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. இன்னொரு முழுக்கு தாங்க மாட்டாள். விளையாட்டை நிறுத்தலாம் என்றால் அதற்கும் விடவில்லை.

"புள்ளைய கடல்ல வுட்டுட்டு நீ நிம்மதியா தூங்குவியா?"

வில்லியனூரில் செல்போன் கடை வைத்திருக்கும் ஆரோக்கிய பிரகாஷிடம் நொண்டிக்கொண்டே போனேன்.

"இதுக்கு வாக்த்ரூ இருக்குது பெரியப்பா. ஜெயிச்சவன் எங்க எத தொடணும்னு வீடியோ போட்டுருக்கான். பாத்து அப்படியே தொடு."

"காப்பி அடிக்கச் சொல்ற."

"அவன் செத்தா பரவால்லியா?"

காப்பி அடித்தேன். நாய்க்குச் சோறு, மாமனாருக்குக் கும்பிடு. கடைசிக் கேள்வி வந்தது. கரையில் பெண்டாட்டி நிற்கிறாள். உலகநாதன் என்ன சொல்ல வேண்டும்? 'போகிறேன்', 'போக மாட்டேன்'. வீடியோக்காரன் 'போகிறேன்' என்கிறான். விரலை வைக்கப் போனேன். புவனேஸ்வரி கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கடலுக்குப் போற ஆம்பள போறேன்னு சொல்லிட்டா போவான்? வெளங்குமா?"

"ரெண்டுதான்டி குடுத்துருக்கான்."

"போயிட்டு வரேன்னு எழுதச் சொல்லு. அதுவரைக்கும் தொட்ட, கைய ஒடிச்சிடுவேன்."

மறுபடியும் நொண்டினேன். பிரகாஷ் தலையில் அடித்துக்கொண்டான்.

"அதுக்குக் கேமையே திருத்தணும் பெரியப்பா. மோட்னு பேரு. அவனவன் சாவாத வீரன் கேக்குறான், தீராத துப்பாக்கி கேக்குறான். உனக்கு ஒரு வார்த்தையா?"

"ஒரு வார்த்தைதான்பா. அவளுக்குச் சளி ஜாஸ்தியாயிடுச்சு."

போனைக் கம்ப்யூட்டரில் செருகி, விளையாட்டின் வயிற்றுக்குள் புகுந்து, அந்த ஒரு வார்த்தையை மட்டும் மாற்றித் தந்தான்.

வீட்டுக்கு வந்து 'போயிட்டு வரேன்' என்பதைத் தொட்டேன். இடி, மின்னல். அலை எங்கள் கட்டில் காலை நனைத்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். திரை இருண்டது. புவனேஸ்வரி துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு திரை மெல்ல வெளுத்தது. தூரத்தில் ஒரு படகு தெரிந்தது. உலகநாதன் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கரையில் குதித்தான்.

அவள் அடக்கியிருந்த மூச்சை விட்ட வேகத்தில் சுவரில் காலண்டர் ஒரு மாதம் புரண்டது.

"வந்துட்டியாப்பா" என்றாள் போனைப் பார்த்து. "கால் கழுவிட்டு உள்ள போ. அவ பயந்து கெடக்குறா."

எனக்கும் நெஞ்சு லேசானது. அதற்குள் திரை கேட்டது: 'நாளைக்கும் கடலுக்குப் போகலாமா?'

நான் விரலை நீட்டுவதற்குள் போனைப் பிடுங்கி அணைத்து, அரிசிப் பானைக்குள் புதைத்தாள்.

"நாளைக்கு அவன் வூட்டுல இருக்கட்டும்."