பக்கத்து இருக்கையின் பிரேக்

கார்க் கூரைப் பலகையின் மூன்றாவது போல்ட் கழல மறுத்தது. லிஃப்ட்காரர் ஸ்பேனரை மாற்றிப் பிடித்து, காரின் கதவில் ஒரு முழங்காலை ஊன்றிக்கொண்டு மறுபடி அழுத்தினார். இரண்டு கழன்றுவிட்டன. இரண்டு பாக்கி. ‘ஓட்டுநர் பயிற்சி’ என்று மஞ்சள் எழுத்துகளில் எழுதியிருந்த பலகை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு காற்றில் ஆடியது.

"இன்னும் அதோடதான் மல்லுக்கட்டிக்கிட்டிருக்கீங்களா மாப்பிள்ளை?" வாசலில் அக்கா நின்றார். "பதினொன்றரைக்கு வண்டி வந்துடும். முப்பது வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்த ஆளுக்கு ஒரு போல்ட்டைக் கழட்டத் தெரியலையா?"

"அவ முறுக்கினது, அக்கா. அப்படித்தான் இருக்கும்."

அக்கா, கார் ஓட்டக் கற்றுக்கொடுத்துவந்த அவருடைய மனைவியின் உடன்பிறந்த மூத்தவர். ஓய்வுபெற்ற நர்ஸ். நேற்றுக் காலை ஆறரை மணிக்குத் தங்கையின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, நேரத்தை உரக்கச் சொன்னவர் அவர்தான். அதற்குப் பிறகு ஒரு நிமிடம்கூட உட்காரவில்லை. படுக்கை விரிப்பை மாற்றினார், சான்றிதழுக்கு டாக்டரை வரவழைத்தார், தகனக் கூடத்தில் இன்று மதியம் இரண்டு மணிக்கு நேரம் வாங்கினார். பலகையைக் கழற்றச் சொன்னதும் அவர்தான். சாவு ஊர்வலத்தில் பின்னால் வரும் கார் தலையில் விளம்பரத்தைத் தூக்கிக்கொண்டு வரக்கூடாதாம்.

அக்கா படியிறங்கி வந்து கையிலிருந்த தாளை விரித்தார். "கூடத்துல நான் நாலு வார்த்தை பேசறேன். சரியா இருக்கான்னு கேளுங்க." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "‘என் தங்கச்சி மூணு வருஷம் பத்து மாசம், ஒரு நாள் தவறாம மாத்திரை போட்டா. டப்பாவை ரொப்பினது நான், அதனால எனக்குத் தெரியும். கடைசி வரைக்கும் சொன்ன பேச்சைக் கேட்டா. அதையும் மீறி நோய் ஜெயிச்சுடுச்சு.’ எப்படி இருக்கு?"

லிஃப்ட்காரர் போல்ட்டிலிருந்து ஸ்பேனரை எடுத்துவிட்டார். சொன்ன பேச்சைக் கேட்டாள். உள்ளே முன்னறையில் வெள்ளைத் துணிக்கடியில் படுத்திருப்பவளைப் பற்றி இருபத்தாறு வருடங்களில் யாரும் சொல்லாத வாக்கியம் அது.

அந்த டப்பா அவருக்கு நன்றாகத் தெரியும். ஏழு மூடிகள் கொண்ட நீல நிறப் பிளாஸ்டிக் டப்பா, மூடிக்கு ஒரு கிழமை. மார்பில் அறுவை முடிந்து, கதிர்வீச்சும் முடிந்து, இனி ஐந்து வருடம் தினம் ஒரு மாத்திரை என்று டாக்டர் சொன்ன வாரமே அக்கா அதை வாங்கி வந்துவிட்டார். சமையலறை மேசையில் வைத்துத் தங்கைக்கு விளக்கினார்: "மாதவிலக்கு நின்னா ஹார்மோன் அடியோட நின்னுடாது. கொழுப்புல இருந்து உடம்பு கொஞ்சம் தயார் பண்ணிக்கிட்டேதான் இருக்கும். உனக்கு வந்த கட்டி அதைத் தின்னுதான் வளருது. மாத்திரை அந்தத் தீனியை நிறுத்திடும்."

"பெட்ரோல் பைப்பை அடைக்கிற மாதிரி" என்றாள் அவள். "சரி, அடைச்சிடலாம்."

அடைத்தாள். அதில் குறை சொல்ல முடியாது. ஞாயிறுதோறும் அக்கா வந்து ஏழு குழிகளிலும் ஏழு மாத்திரைகளைப் போடுவார். அவள் தினம் ஒன்று விழுங்குவாள். மூன்றாவது மாதத்திலிருந்து மூட்டுகள் பேசத் தொடங்கின. காலையில் வலக்கை விரல்களை இடக்கையால் ஒவ்வொன்றாகப் பிரித்து நீட்டவேண்டியிருந்தது. அவள் கட்டிலிலிருந்து இறங்குவதற்குள் லிஃப்ட்காரர் பல் விளக்கியே முடித்துவிடுவார். திடீரென்று உடம்பு கொதிக்கும். மழை பெய்தாலும் கார்க் கண்ணாடியை இறக்கிவிடுவாள், பயிற்சிக்கு வந்தவர் பாதி நனைவார். "ஐம்பத்தெட்டு வயசுலயே எண்பது வயசு ஓட்டிப் பழகறேன்" என்று சிரிப்பாள். டாக்டர் அம்மா மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். உடற்பயிற்சி சொன்னார், வலிக்கு வேறு மாத்திரை சொன்னார். எல்லாம் செய்தாள். முட்டி மட்டும் ஒத்துழைக்கவில்லை.

"என்ன, பதிலையே காணோம்?" என்றார் அக்கா.

லிஃப்ட்காரர் கழற்றிய இரண்டு போல்ட்டுகளையும் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். பலகையை நேராக்கிப் பிடித்து, ஒவ்வொன்றாகத் திரும்ப முடுக்கினார்.

"என்ன பண்றீங்க?"

"பலகை இருக்கட்டும்க்கா. அந்தத் தாளைப் படிக்காதீங்க."

"ஏன், எழுத்துப் பிழையா?"

"விஷயமே பிழை."

காரின் முன்கதவைத் திறந்து, இருக்கைக்கு அடியிலிருந்த முதலுதவிப் பெட்டியை இழுத்தார். பயிற்சி வண்டியில் கட்டாயம் இருக்கவேண்டிய பெட்டி. மேலே கட்டுத்துணிச் சுருள்கள். அவற்றுக்கு அடியில் ஒரு வட்டமான பிஸ்கட் டப்பா. அவர் மூடியைத் திறந்து நீட்டினார்.

சட்டைப் பொத்தானைவிடச் சிறிய, வெளிர் மஞ்சள் மாத்திரைகள். நானூறுக்கு மேல் இருக்கும். அக்கா ஒன்றை இரண்டு விரல்களால் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, அதில் பொறித்திருந்த எழுத்தைப் பார்த்தார். நாற்பது வருடம் மாத்திரை பார்த்த கண்கள்.

"ரெண்டு வருஷம் எட்டு மாசம் போட்டா" என்றார் லிஃப்ட்காரர். "அதுக்கப்புறம் நிறுத்திட்டா. நீங்க ரொப்பினதைத் தினம் ஒண்ணா எடுத்துட்டு வந்து இதுல போட்டா. எனக்குத் தெரியும்."

"தெரியுமா?"

"தெரியும்."

அக்காவின் முகத்தில் ரத்தம் ஏறியது. தெருவில் யாரோ போனார்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டார், அதனால் அது இன்னும் கூர்மையானது. "பதினாலு மாசம். அறுபது ஞாயித்துக்கிழமை. ரெண்டு பஸ் மாறி வந்து ரொப்பிட்டுப் போனேன். ரெண்டு பேரும் உக்காந்து என்னை வேடிக்கை பாத்திருக்கீங்க."

"வேடிக்கை இல்லக்கா. ‘அக்கா அந்த டப்பாவை ரொப்பறப்பதான் நிம்மதியா மூச்சு விடறா, அதைப் பிடுங்காதீங்க’ன்னா."

"எதுக்கு நிறுத்தினா? வலியா? எத்தனை பொம்பளைங்க பல்லைக் கடிச்சுக்கிட்டு அஞ்சு வருஷம் போடறாங்க!"

"வலிக்காக இல்ல." அவர் காருக்குள் கை காட்டினார். பக்கத்து இருக்கையின் கீழே, பயிற்சியாளரின் காலுக்கென்று இருந்த இரண்டாவது பிரேக்கின் ரப்பர் ஓரம் தேய்ந்து உலோகம் தெரிந்தது. "ஒரு நாள், பழக வந்த ஒரு பேக்கரிப் பொண்ணு ஓட்டிக்கிட்டிருந்தா. குழந்தை வண்டியைத் தள்ளிக்கிட்டு ஒரு தாய் குறுக்க வந்துட்டா. பேக்கரிப் பொண்ணு உறைஞ்சுட்டா. இவ பிரேக் போடணும். முட்டி மடங்கல. போட்டா, ஆனா லேட்டு. குழந்தை வண்டிக்கும் பம்பருக்கும் நடுவுல ஒரு ஜாண். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழட்டல. ‘என் கால் லேட்டா வந்துச்சுங்க’ன்னா. அவ்வளவுதான் சொன்னா."

"அப்போ கத்துக்குடுக்கறதை விட்டிருக்கலாம்ல!"

"நானும் அதையேதான் சொன்னேன்."

மூன்று நாள் சொன்னார். கெஞ்சினார், சாப்பிடாமல் தட்டை நகர்த்தினார், பேசாமல் இருந்தார். மூன்றாவது நாள் அவள் சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டாள்: "வீட்டுல உக்காந்து இந்த முட்டியைத் தேச்சுக்கிட்டு அஞ்சு வருஷத்தை எண்ணணுமா? எதுக்காக உயிரோட இருக்கணுமோ அதை எடுத்துக் குடுத்துட்டு உயிரை வாங்கிக்கச் சொல்றீங்களா? மாட்டேன்." அடுத்த வாரம் டாக்டர் அம்மாவின் முன்னால் உட்கார்ந்து, மறைக்காமல், தயங்காமல் சொன்னாள். நிறுத்தினால் ஆபத்து கூடும், நான் நிறுத்தச் சொல்லமாட்டேன் என்றார் டாக்டர். "நீங்க சொல்லல டாக்டர், நான் சொல்றேன். அதையே எழுதிக்குங்க." எழுதிக்கொண்டார். இரண்டு மாதத்தில் முட்டி மடங்கியது. அந்தப் பதினான்கு மாதங்களில் நாற்பத்தொரு பேர் அவளிடம் பழகி லைசென்ஸ் வாங்கினார்கள். நாற்பத்தொன்றாவது ஆள் லிஃப்ட்காரர்.

அதற்குப் பிறகு கல்லீரலில் வந்தது. டப்பாவை ரொப்புவதும் அதோடு நின்றது.

"நிறுத்தினதாலதான் வந்துச்சு" என்றார் அக்கா.

"நானும் டாக்டர்கிட்ட கேட்டேன். ‘போட்டிருந்தா வாய்ப்பு குறைஞ்சிருக்கும். வராமலே போயிருக்கும்னு என்னால சொல்ல முடியாது’ன்னாங்க. நான் தினம் அதைத்தான் நினைச்சுக்கிட்டிருக்கேன்க்கா. நீங்க புதுசா ஒண்ணும் சொல்ல வேணாம்."

"புதுசா ஒண்ணு சொல்றேன், கேளுங்க." அக்காவின் விரல் அந்தத் தேய்ந்த பிரேக்கை நோக்கி நீண்டது. "பழக வர்றவங்ககிட்ட முதல் நாள் என்ன சொல்லுவா? ஸ்டீயரிங் யார் கையில இருக்கோ வண்டி அவங்களுது, மோதப் போறப்ப மட்டும் நான் பிரேக் போடுவேன். அதானே? நீங்க பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க. நீங்க ஏன் போடல?"

அவர் ஸ்பேனரை மறுபடி எடுத்தார். கடைசி போல்ட்டை இன்னும் ஒரு சுற்று இறுக்கினார், பிறகு அரைச் சுற்று.

"போட்டேன்க்கா. மூணு நாள் முழு பலத்தோட போட்டேன். வண்டி அவளுது."

சவ வண்டி தெரு முனையில் திரும்பியது. ஓட்டுநர் இறங்கி வந்து, கூரைப் பலகையைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார்.

"டீச்சர்கிட்டதான் சார் நானும் பழகினேன். நாலு தடவை டெஸ்ட்டுக்கே அனுப்பமாட்டேன்னுட்டாங்க. ‘உன் பின்னாடி படுத்திருக்கறவங்க ஒண்ணும் சொல்லமாட்டாங்கங்கறதுக்காகக் குலுக்கி ஓட்டாதே’ன்னாங்க." சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினார். "குலுக்கமாட்டேன் சார்."

குலுக்கவில்லை. பின்னால் லிஃப்ட்காரரின் கார்தான் குலுங்கியது. பக்கத்தில் அவள் இல்லாமல் அவர் ஓட்டியது அதுவே முதல் தடவை. மேலேயும் கீழேயுமே போய்ப் பழகிய ஆளுக்கு நேராகப் போக பயம் என்று கேலி செய்வாள். காருக்குள் மட்டும் அவரை ‘சார்’ என்பாள்: சார், கண்ணாடியைப் பாருங்க, சார், அது வைப்பர். இப்போது அந்த இருக்கையில் அக்கா, மடியில் பிஸ்கட் டப்பாவை வைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி இருந்தார்.

சந்திப்பில் சவ வண்டி நின்றது. அவர் வேகத்தைக் குறைத்துக்கொண்டுதான் இருந்தார். அக்காவின் கால் அதற்குள் கீழே பாய்ந்தது. கார் தலைகுப்புற முட்டுவதுபோல நின்று, ஒரு விக்கலோடு அணைந்துபோனது. பின்னாலிருந்து ஹாரன்.

"காலை எடுங்கக்கா."

"இடிக்கப் போனீங்க."

"போகல."

"லைசென்ஸ் எப்படித்தான் குடுத்தாங்களோ உங்களுக்கு."

"உங்க தங்கச்சிதான் பழக்கினா."

அக்கா மறுபடி கண்ணாடிக்கு வெளியே திரும்பிக்கொண்டார். அவர் சாவியைத் திருப்பினார்.

தகனக் கூடத்தில் ஐம்பது நாற்காலிகள் போட்டிருந்தார்கள். போதவில்லை. பேக்கரிப் பெண் மாவு படிந்த காலணிகளோடு வந்திருந்தாள். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர் ஒருவர், பள்ளி வேன் ஓட்டும் இரண்டு பெண்கள், எழுபதாம் வயதில் லைசென்ஸ் வாங்கிய ஒரு பெரியவர். எல்லாரும் எழுந்து நின்றார்கள். அக்கா முன்னால் போனார். தாளை விரித்து, கண்ணாடியை மாட்டினார். லிஃப்ட்காரர் இரண்டாவது வரிசையில், தன் கைகளைப் பார்த்தபடி இருந்தார். படித்தால் படிக்கட்டும் என்று நினைத்தார். அவரால் இனி எழுந்து போய் மறுக்க முடியாது.

"என் தங்கச்சி" என்று தொடங்கிய அக்கா நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றினார்.

"என் தங்கச்சிக்கு அஞ்சு வருஷத்துக்கு மாத்திரை எழுதினாங்க. ரெண்டு வருஷம் எட்டு மாசம் போட்டா. அப்புறம் அவளே நிறுத்திட்டா. ஏன்னா உங்க யாராவது ரோட்டுல தப்பு பண்ணினா, அவ கால் நேரத்துக்குப் போகணும்." பேக்கரிப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "நான் நர்ஸ். நான் அதை ஒத்துக்கமாட்டேன். என்கிட்ட கேட்டிருந்தா விட்டிருக்கமாட்டேன். இன்னைக்கும் ஒத்துக்கமாட்டேன். உங்கள்ல யாருக்காவது அந்த மாத்திரை எழுதிக் குடுத்திருந்தா, ஒழுங்கா போடுங்க, முடியலன்னா டாக்டர்கிட்ட சண்டை போடுங்க." மூச்சு வாங்கினார். "அவ என்கிட்ட கேக்கல. யார்கிட்டயும் கேக்கல. நோய் ஜெயிச்சுடுச்சுன்னு எழுதி வச்சிருந்தேன். அது பொய். நோய் வந்துச்சு, அவ்வளவுதான்."

தாளை நான்காக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். யாரும் கைதட்டவில்லை. தகன உலையின் கதவு திறந்தது, அவள் உள்ளே போனாள், கதவு மூடியது. எல்லாம் இருபது நிமிடம்.

வெளியே வரும் பாதை ஒரு ஏற்றம். உச்சியில் பெரிய சாலை, நின்றுதான் சேரவேண்டும். லிஃப்ட்காரருக்கு எப்போதும் உதைக்கும் இடம் ஏற்றம்தான். முன்னால் பள்ளி வேன் நின்றது, அவரும் நின்றார். கைப்பிரேக்கை இழுத்தார். பின்கண்ணாடியில் ஆம்புலன்ஸ்காரரின் வண்டி, மிக அருகில்.

வேன் நகர்ந்தது. அவர் கிளட்சை மெல்ல விட்டார். கைப்பிரேக்கை இறக்கினார். கார் ஒரு கணம் பின்னோக்கி உருண்டது.

பக்கத்தில் டப்பாவுக்குள் மாத்திரைகள் சலசலத்தன. அவர் ஓரக்கண்ணால் பார்த்தார். அக்கா இரண்டு கால்களையும் பிரேக்கிலிருந்து பின்னுக்கு இழுத்து, இருக்கைக்கு அடியில், ஒன்றன்மேல் ஒன்றாக மடக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

எஞ்சின் முனகியது. பிடித்துக்கொண்டது. மஞ்சள் பலகையோடு கார் மேலேறத் தொடங்கியது.