கப்பலில் வருகிற லென்ஸ்

அந்த லென்ஸைப் பற்றிய பேச்சு முதலில் தாராவி தொண்ணூறடி ரோட்டு டீக்கடையில்தான் கிளம்பியது. எண்பத்தாறாம் வருஷம், மழை விட்டும் விடாமலும் இருந்த சமயம். கொண்டுவந்தவன் உதுமான். மாட்டுங்காவில் ஒரு ஸ்டுடியோவில் பிலிம் கழுவுகிறவன். கண், காது, மூக்கு வைத்துப் பேசுவதில் அவனை அடிக்க ஆள் கிடையாது.

"ஜப்பான் சரக்கு. திருகுனா இருபது எம்எம், இன்னும் திருகுனா முப்பத்தஞ்சு. நம்பர் கொறஞ்சா அகலமா விழும். நம்ம ஒத்த ரூம் கோலிக்குள்ள மூலையில நின்னு எடுத்தா நாலு செவரும் படத்துல விழும். பிளாஷே வேண்டாம், மெழுகுவத்தி வெளிச்சம் போதும். கப்பல்ல வேல பாக்குற நம்ம ஆளு ஒருத்தன் கொண்டுட்டு வாரான்."

"நாலு செவரும் விழுந்தா எடுக்கிறவன் எங்கவே நிப்பான்?" என்று கேட்டார் பிரம்மநாயகம். தாராவியில் இருபது வருஷமாகப் படம் எடுக்கிறவர்.

கடையே சிரித்தது. கல்யாணப் படம் எடுக்கிற ஒருவர், போன மாதம்தான் புது பிளாஷ் வாங்கியதைச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார். அப்படியொரு கண்ணாடி செய்தால் ஊறுகாய்ப் பரணி அளவுக்கு இருக்கும், கழுத்தில் மாட்டினால் கழுத்து தங்காது என்றார் இன்னொருவர். ஆனாலும் கேலி செய்தவர்கள் எல்லோரும் எழுந்து போகும்போது எப்போது வரும் என்று கேட்டுவிட்டுத்தான் போனார்கள். பின்னால் நகர இடம் இல்லாத ஊரில் படம் எடுத்துப் பிழைக்கிறவர்களின் வயிற்றெரிச்சல் அது. இரண்டு அடி பின்னால் போனால் முதுகு சுவரில் முட்டும், மூன்றாவது அடியில் கால் சாக்கடையில் இருக்கும்.

ஷேக் பரீத் மட்டும் கேலி செய்யவில்லை. "எந்தக் கப்பல்?" என்று கேட்டான்.

அவனுக்குக் காரணம் வீட்டில் கிடந்தது. மனைவி ரஷீதாவுக்கு வயிற்றில் கட்டி. சயான் ஆஸ்பத்திரியில் எல்லாம் பார்த்துவிட்டு, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஊர் முழுக்கப் படம் எடுக்கிறவனின் மனைவிக்கு ஒரு படம்கூடக் கிடையாது. வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்களே, அந்தக் கதைதான். மேலப்பாளையத்தில் அவளுடைய வாப்பா கெடுபிடியான மனிதர். நிக்காஹ் அன்றுகூடக் கேமராவை வாசலுக்குள் விடவில்லை. பிறகு பம்பாய் வந்தும் பரீத் கேமராவைத் திருப்பினால் அவள் முக்காட்டை இழுத்துக்கொள்வாள்.

அப்படிப்பட்டவள்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் அவளாகவே கேட்டாள்.

"என்னைய ஒரு படம் எடுங்க. நாலு பிள்ளையளும் என்கூட இருக்கணும், ஒரே படத்துல. சின்னவனுக்கு ரெண்டு வயசு. எம் முகம் அவனுக்கு நெனப்பு நிக்காது."

பத்துக்குப் பத்து கோலி. அதில் ஒரு கட்டில், ஒரு அலமாரி, அடுப்பு. பரீதிடம் இருந்தது ஐம்பது எம்எம் லென்ஸ் ஒன்றுதான். எந்த மூலையில் ஒடுங்கி நின்றாலும் அவளும் இரண்டு பிள்ளைகளும்தான் விழுந்தார்கள். பிளாஷ் வெளிச்சம் பட்டால் அவளுக்குத் தலை சுற்றி வாந்தி வந்தது. மாட்டுங்கா ஸ்டுடியோவில் இருபத்தெட்டு எம்எம் லென்ஸ் ஒன்று உண்டு. அதற்கும் பிளாஷ் வேண்டும், ஓரத்தில் இருப்பவர் முகமும் பூசணிக்காயாக இழுத்துக்கொள்ளும்.

"புது லென்ஸ் வருது ரஷீதா. வந்ததும் எடுத்துருவோம்" என்றான்.

அவள் சுவரைக் காட்டினாள். கட்டிலுக்கு எதிரே சந்துப் பக்கம் இருந்தது சுவரே இல்லை, சட்டத்தில் அடித்த தகரம். "தகரத்தக் கழத்திட்டு சந்துல நின்னு எடுக்கலாம்லா? ஆறுமுகத்தாய் வீட்டுல அப்பிடித்தான எடுத்தீய."

எடுத்திருந்தான். ஆறுமுகத்தாயின் புருஷன் இறந்த அன்று. தாராவியில் அது வழக்கம். திருநெல்வேலியிலிருந்து ரயில் ஏறி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்பதால், ஊரில் இருக்கிறவர்களுக்கு அனுப்ப, இறந்தவரை நாற்காலியில் உட்காரவைத்துக் குடும்பத்தைச் சுற்றி நிறுத்திப் படம் எடுப்பார்கள். கோலிக்குள் அத்தனை பேரும் விழ மாட்டார்கள், ஆகவே தகரத்தைக் கழற்றுவார்கள். பரீதும் பிரம்மநாயகமும் அதற்கென்றே கேமரா பையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் வைத்திருந்தார்கள்.

"அது மையத்துக்குச் செய்றது" என்றான் பரீத். "உசுரோட இருக்கிற ஆளுக்கு எவனாவது செவரக் கழத்துவானா? இனி அப்பிடிப் பேசாத."

அவன் பயந்துபோயிருந்தான், அதுதான் உண்மை. கட்டிலைச் சுற்றிக் குடும்பம், திறந்த சுவர், சந்தில் கேமரா. இத்தனை வருஷத்தில் அந்தப் படத்தின் நடுவில் உயிரோடு இருந்த ஒருவரை அவன் பார்த்ததே இல்லை. தகரத்தைக் கழற்றினால் தானே அவளை அனுப்பிவைத்ததாகிவிடும் என்று நினைத்தான். லென்ஸ் வருகிற வரை அவளுக்கு ஒன்றும் ஆகாது என்றும் நினைத்தான். படிக்காதவன் மூடநம்பிக்கை என்று சொல்லிச் சிரிக்கலாம். சிரிக்கிறவர்கள் தங்கள் வீட்டுக் கட்டிலில் ஒருத்தியைப் படுக்கவைத்துவிட்டுச் சிரிக்கட்டும்.

செப்டம்பரில் கப்பல் கொழும்பில் நிற்கிறது என்றான் உதுமான். அக்டோபரில், சுங்கத்தில் கெடுபிடி, அடுத்த கப்பலில் வரும் என்றான். பரீத் ஒருநாள் விட்டு ஒருநாள் மாட்டுங்காவுக்கு நடந்தான். திரும்பி வரும்போது வழியில் பிரம்மநாயகம் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, அப்பிடி லென்ஸே கெடயாது. எவனோ எங்கயோ சொன்னத இவன் இங்க வந்து அளக்கான். இருக்கிறத வச்சு எடுலே. நான் வந்து தகரத்தப் புடிக்கேன்."

"ஒங்க வேலையப் பாருங்க அண்ணாச்சி" என்றான் பரீத். அப்புறம் ஒரு வாரம் அவர் முகத்தில் முழிக்கவில்லை.

ரஷீதா மறுபடி கேட்கவில்லை. ஒரு நாள் மட்டும், மூத்தவள் சைனப் தலை வாரிவிட வந்தபோது, "லென்ஸ் வந்துட்டா?" என்றாள். இல்லை என்றதும் சீப்பை வாங்கித் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை காலை, பிள்ளைகள் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது அவள் போய்விட்டாள்.

பெண்கள் குளிப்பாட்டி, கபன் துணி உடுத்தி, கட்டிலில் கிடத்தினார்கள். பள்ளிவாசலிலிருந்து மையத்தைத் தூக்கிப் போகிற சந்தூக்குப் பெட்டி வந்தது. ஆனால் வாசல் முன்னால் சந்து ஒடிந்து திரும்புகிறது. எப்படிச் சாய்த்தும் சந்தூக்கு வாசலுக்குள் திரும்பவில்லை. வந்தவர்களில் வயதான ஒருவர் சொன்னார், "தகரத்தக் கழத்துங்கப்பா. அதான் வழி."

ஸ்க்ரூ டிரைவரைத் தேடினார்கள். அது எங்கே இருக்கிறது என்று பரீதுக்குத் தெரியும். கேமரா பையைத் திறந்து எடுத்தான். யாரிடமும் கொடுக்காமல் தானே கழற்றினான். எட்டு ஸ்க்ரூ. ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. பிரம்மநாயகம் வந்து தகரத்தைப் பிடித்து இறக்கிச் சந்தில் சாய்த்து வைத்தார்.

பத்து மணி வெயில் கோலிக்குள் கட்டில் வரை போய் விழுந்தது. அந்த வீட்டுக்குள் அவ்வளவு வெளிச்சத்தைப் பரீத் அதுவரை பார்த்ததில்லை. வழிவிடப் பின்னால் நகர்ந்தான். எதிர்வீட்டுச் சுவர் முதுகில் முட்டியது. அங்கே நின்றுகொண்டு பார்த்தான். முகம் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று துணியை விலக்கியிருந்தார்கள். ரஷீதா, தலைமாட்டில் சைனப், இரண்டு பக்கமும் நடுப்பிள்ளைகள், சைனப் இடுப்பில் சின்னவன். ஐந்து பேரும் விழுந்தார்கள், இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம்கூட மிச்சம் இருந்தது. அவனுடைய ஐம்பது எம்எம் லென்ஸே போதும். மூன்று மாதமாகப் போதும்.

பக்கத்தில் நின்ற பிரம்மநாயகத்துக்கும் அந்தக் கணக்கு புரிந்துவிட்டது. வேறு யாருக்கும் புரிய வழியில்லை. மையத்தைப் படம் எடுக்கிற வழக்கம் முஸ்லிம் வீடுகளில் இல்லை என்று தெரிந்தும், தன் பை ஜிப்பில் கையை வைத்து மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு?"

"வேண்டாம் அண்ணாச்சி. அவ கேட்டது இது இல்ல."

உள்ளே சைனப் தம்பியைக் கட்டில் பக்கம் குனிந்து காட்டினாள். "நல்லாப் பாத்துக்கலே. உம்மா மொகத்த நல்லாப் பாத்துக்க."

அவன் பார்க்கவில்லை. சுவர் இருந்த இடத்தில் புதிதாக வந்திருந்த சந்தையும், அதில் நின்ற வாப்பாவையும், கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான்.