வெள்ளிப் பிடியில் இரண்டு துளைகள்

கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் கோயில் வாசலில் காரைவிட்டு இறங்கிய டில்ஷானி, கவுனைச் சரிசெய்யக் குனிந்தபோது, அவள் கையிலிருந்த வெள்ளிப் பிடியிலிருந்து பூங்கொத்து முழுதாக நழுவி விழுந்தது. எட்டு வெள்ளை ரோசாவும் நாலைந்து ஓர்கிட்டும் கட்டுக் குலையாமல் படியில் கிடந்தன. கல்யாணப் பெண்ணின் கையில் பிடி மட்டும் இருந்தது. கொத்தைக் கட்டிக்கொடுத்து, கூடவே காரில் வந்த நளீபா ஓடி வந்தாள்.

போன வருஷம் கல்கிசையில் ஒரு கல்யாணத்தில் இவள் செய்த பூச்செண்டிலிருந்து ஒரேயொரு ரோசா கழன்று நடுக்கோயிலில் விழுந்தது. பெண் அதை மிதித்தே போனாள். சகுனம் சரியில்லை என்று யாரோ சொன்னது வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. அதன்பிறகு வெள்ளவத்தையிலிருக்கும் அவளுடைய பிளாட்டுக்குக் கல்யாணப் பூ கேட்டு ஒருவரும் போன் செய்யவில்லை. எட்டு மாதம் கழித்து வந்த முதல் ஆள் டில்ஷானிதான். கூடவே மாப்பிள்ளை ரொனியின் அப்பா சிறிலும் வந்திருந்தார். கைக்குட்டையில் சுற்றிய பொருளொன்றை மேசையில் வைத்தார். புனல் மாதிரி வாய் விரிந்த, சித்திர வேலை செய்த வெள்ளிப் பிடி. காலமாகிவிட்ட மனைவி கல்யாணத்தன்று பிடித்து வந்ததாம். வெள்ளியில் பசை மட்டும் பட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

கடையில் வாங்கும் பிளாஸ்டிக் பிடியென்றால் உள்ளே நுரைக்கட்டி இருக்கும், குத்தினால் நிற்கும். இதற்குள் ஒன்றுமே இல்லை. தண்டுகளைக் கம்பியால் சேர்த்துக் கட்டி, பச்சை டேப்பைத் தடிப்பாகச் சுற்றி, இறுக்கிச் செருகினாள். வீட்டில் தலைகீழாகப் பிடித்து உதறியும் பார்த்தாள். அப்போது அசையவில்லை. காலைச் சூட்டில் காரில் வந்த நேரத்துக்குள் தண்டுகள் சுருங்கியிருக்க வேண்டும்.

உள்ளே பாட்டு ஆரம்பித்துவிட்டது. இதுவும் சகுனமோ என்று டில்ஷானி வெறும் பிடியையே பார்த்தாள். நளீபா படியில் முழந்தாளிட்டுப் பூக்களைப் பொறுக்கினாள். மறுபடி சுற்ற டேப் இல்லை, அது இருந்த பை காரோடு போய்விட்டது. பிடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சித்திர வேலைக்கு நடுவே, இந்தப் பக்கம் ஒரு துளை. அதற்கு நேரெதிரே மற்றப் பக்கமும் ஒன்று. இவ்வளவு நாளும் அவற்றை அலங்காரமென்றே நினைத்திருந்தாள்.

வாசலுக்கு வந்து நின்ற சிறிலிடம் கேட்டாள். "இந்தத் துளையில குத்த முந்தி ஊசி ஒண்டு ஈந்ததா அங்கிள்?"

சிறில் குனிந்து கீழே கிடந்த இதழொன்றை எடுத்தார்.

"தெரியாது மகள். எங்கட கல்யாணத்தண்டைக்கும் இப்பிடித்தான் விழுந்தது. அவ சிரிச்சுக்கொண்டு பூவ ஒரு கையிலயும் இத மற்றக் கையிலயும் பிடிச்சுக்கொண்டு வந்தவ. முப்பத்தாறு வருசம் நல்லாத்தான் இருந்தம்."

டில்ஷானி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவளும் சிரித்தாள்.

நளீபா தோளருகே கை வைத்துத் தன் முக்காட்டில் குத்தியிருந்த நீள ஊசியை உருவினாள். கொத்தைப் பிடிக்குள் இறக்கி, ஒரு துளையால் ஊசியைச் செலுத்தி, தண்டுகளைத் துளைத்து மற்றத் துளையால் வெளியே எடுத்தாள். நுனியில் ஒரு ஓர்கிட் மொட்டைக் குத்தி மறைத்தாள். பிறகு தலைகீழாக்கி உதறினாள். ஒருமுறை. இன்னொருமுறை.

"இனி விழாது. போங்க," என்றாள்.

பூசை முடியும்வரை கடைசி வரிசை வாங்குப் பலகைக்குப் பின்னால், முக்காட்டை நாடிக்குக் கீழே ஒரு கையால் பிடித்தபடி நின்றாள். டில்ஷானி நடந்துபோனபோது மற்றவர்கள் முகத்தைப் பார்த்தார்கள், இவள் கையைப் பார்த்தாள். கல்யாணப் பெண் பீடத்தின் முன்னால் போய் நின்றபிறகுதான், விடியற்காலையிலிருந்து தான் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது நளீபாவின் நினைவுக்கு வந்தது. பசி இவ்வளவு சந்தோஷமான ஒன்றாக அவளுக்கு என்றுமே இருந்ததில்லை.

வெளியே படம் பிடிக்க எல்லாரும் நெருக்கினார்கள். டில்ஷானி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சிறிலைக் கட்டிப்பிடித்தாள். கையிலிருந்த பிடியை அவள் மறந்துபோக, பூக்கள் விழாமல் கீழ்நோக்கி அவர் முதுகில் தொங்கின. ரோசாக்களின் ஈரம் அவருடைய சாம்பல் நிறக் கோட்டில் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை.