மூடிய இடது கை

மீன் அடை செய்யும் தொழிற்சாலையின் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. அதில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவம் கறுப்பாக வரைந்திருக்கும். சுரண்டி, கரண்டி, பிரஷ், பேனா. பக்கத்தில் ஆளின் எண். மீனில் நீலம் கிடையாது என்பதால் கருவிகள் எல்லாமே நீலம். அந்தப் பிளாஸ்டிக்கிலேயே உலோகத் தூள் கலந்திருக்கும். துண்டு உடைந்து மீன் மாவில் விழுந்தால், பெல்ட்டின் கடைசியில் நிற்கும் டிடெக்டர் அந்தப் பொட்டலத்தை வெளியே தள்ளிவிடும். ஒரு கருவி எங்கே என்று தெரியாவிட்டால் பெல்ட் ஓடக் கூடாது. ஷிப்ட் முடிவில் பலகையில் ஓர் உருவம் காலியாக இருந்தால் யாரும் வீட்டுக்குப் போகவும் கூடாது.

இந்த விதியை வைத்துத்தான் அங்கே வேலை செய்யும் யோரிட் தன் விளையாட்டைக் கண்டுபிடித்தாள்.

ஷிப்ட் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது யாருடைய சுரண்டியாவது காணாமல் போகும். அது கழிவுத் தொட்டியின் அடியில் கிடக்கும். தோலும் முள்ளும் கலங்கிய தண்ணீருமாக, முழங்கைக்கு மேலே வரும் தொட்டி. தொலைத்தவள்தான் தேட வேண்டும். மற்றவர்கள் சுற்றி நின்று, "மாட்டுச்சா?" என்று கேட்பார்கள். பேனா மூடி மாதிரி சின்னப் பொருள் என்றால் யோரிட் அதைத் தன் இடது கைக்குள் மூடிக்கொண்டு நிற்பாள். வேலை உடையில் பை கிடையாது. பையில் இருப்பதும் ஒருநாள் மாவில் விழும்.

யாருடைய சுரண்டியாவது என்று சொன்னது சரியில்லை. இரண்டு வருடம் அது குன்வோரின் சுரண்டியாகவே இருந்தது. மார்ச்சில் சுன்னிவா வேலைக்குச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு சுன்னிவாவுடையது.

முதல்முறை குன்வோரால் நம்ப முடியவில்லை. தொட்டிக்குள் கை விட்டிருந்தது வேறொருத்தி. யோரிட் குன்வோரின் தோளில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "பாரேன், உன்னைவிட மந்தமா இருக்கா!" என்றாள். குன்வோர் சிரித்தாள். தன் சிரிப்பு அவ்வளவு சத்தமாக வரும் என்று அவளுக்கே தெரியாது. அன்று சாப்பாட்டு அறையில் ஜன்னலோர மேஜையில் யோரிட் ஒரு நாற்காலியைக் காலால் அவள் பக்கம் தள்ளிவிட்டாள். "உட்காருடி." குன்வோர் உட்கார்ந்தாள். மே மாதத்திற்குள் சுரண்டியை ஒளித்துவைப்பதும் குன்வோரே என்று ஆகிவிட்டது.

செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு டிடெக்டர் ஒரு பொட்டலத்தைத் தள்ளியது. எட்டு மீன் அடைகள் கொண்ட சாதாரணப் பொட்டலம். அங்கே நிற்பது குன்வோரின் வேலை. தள்ளிய பொட்டலம் சிவப்புப் பெட்டிக்குள் போக வேண்டும். அதன் சாவி மேற்பார்வையாளர் ஐலெர்ட்டிடம். அவனைக் கூப்பிட்டால் ஒரு தாள் நிரப்ப வேண்டும், அவன் முகம் சுளிப்பான். அதனால் எல்லோரும் செய்வதையே அவளும் செய்தாள். பொட்டலத்தைக் குறுக்காகத் திருப்பி மறுபடி பெல்ட்டில் வைத்தாள். இந்தமுறை டிடெக்டர் சும்மா இருந்தது. அது பழைய கருவி, எதையும் தானாகப் பதிந்து வைக்காது. தாளில் 'தள்ளியவை' என்ற கட்டத்தில் குன்வோர் பூஜ்யம் போட்டாள்.

ஒரு மணிக்குச் சுன்னிவா சுரண்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"குன்வோர், இதப் பாரு. காலையில முழுசா இருந்துச்சு."

ஒரு மூலை இல்லை. கட்டைவிரல் நகம் அளவு.

குன்வோர் நிமிர்ந்து யோரிட்டைப் பார்த்தாள். யோரிட்டின் இடது கை மூடியிருந்தது. அவள் கண்ணடித்தாள்.

"தொலைச்சவதான் தொட்டியில போய்த் தேடணும்" என்றாள் குன்வோர்.

"தொலையல. உடைஞ்சிருக்கு. முறிஞ்ச இடம் பாரு, வெளுத்துப்போய்க் கிடக்கு. கலக்குற அண்டா விளிம்புல தட்டிருச்சுன்னு நெனைக்கிறேன். பெல்ட்ட நிறுத்தணும்."

ஐலெர்ட் வந்தான். லாரி இரண்டரைக்கு. அதற்குள் இன்னும் மூன்று அடுக்குப் பொட்டலங்கள் கட்ட வேண்டும்.

"மறுபடியுமா? ஊர்ல இல்லாத அதிசயமா உன் சாமான் மட்டும் கால் மொளச்சு நடக்குது."

"ஐலெர்ட், இது அந்த விளையாட்டு இல்ல. துண்டு மாவுக்குள்ள போயிருக்கும்."

"போயிருந்தா டிடெக்டர் சும்மா இருக்குமா? அதுக்குத்தானே அவ்வளவு வெலை குடுத்து நீலச் சாமான் வாங்குறாங்க." அவன் திரும்பினான். "குன்வோர், எதையாவது தள்ளுச்சா?"

யோரிட் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள், சிரிப்பை அடக்க. துண்டு அவள் கைக்குள் இருக்கும்போது அந்தப் பொட்டலத்தைப் பற்றிச் சொல்லி என்ன ஆகப்போகிறது? சொன்னால் பெல்ட் நிற்கும். விளையாட்டைக் கெடுத்தவள் என்று ஆகும். ஜன்னலோர நாற்காலி போகும்.

"இல்ல" என்றாள் குன்வோர்.

"கேட்டுக்கிட்டியா?" ஐலெர்ட் உடைந்த சுரண்டியைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதியதை எடுத்துக் கொடுத்தான். அவன் நகரும்வரை சுன்னிவா காத்திருந்தாள். பிறகு குப்பையிலிருந்து பழையதை எடுத்துத் தன் மேஜைக்கு அடியில் வைத்தாள்.

உடை மாற்றும் அறையில் யோரிட் கேட்டாள், "எங்கடி வெச்ச அத?"

"எத?"

"அந்த மூலைய. நான்கூட உனக்கு இவ்வளவு தைரியம் வரும்னு நெனைக்கல. சுரண்டியவே ஒடச்சிட்ட!"

"உன் கையிலதானே இருந்துச்சு."

யோரிட் இடது உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். கறுப்பாகப் பிசுபிசுவென்று கறை படிந்திருந்தது. "கறுப்பு உப்பு மிட்டாய்டி. மெல்லுறத ஐலெர்ட் பாத்தா கத்துவான்ல."

யோரிட் கறையைத் தேய்த்துக் கழுவினாள். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"சரி விடு" என்றாள் யோரிட் கடைசியில். "டிடெக்டர் எதையும் தள்ளலன்னு நீதானே சொன்ன."

ஜன்னலுக்கு வெளியே லாரி இன்னும் நின்றது. ஓட்டுநர் பின்கதவைப் பூட்டிக்கொண்டிருந்தான். குரல் கொடுத்தால் கேட்கும் தூரம். குன்வோர் குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டினாள். அவிழ்த்து மறுபடி கட்டினாள். நிமிர்ந்தபோது லாரி படகுத்துறைச் சாலையில் திரும்பிவிட்டிருந்தது.

புதன்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். தெற்கே ஒரு மழலையர் பள்ளி. நான்கு வயதுப் பையன். தொண்டை கிழிந்து இரண்டு இரவு ஆஸ்பத்திரியில். அவள் இதையெல்லாம் தாளைப் பார்த்து வாசித்தாள். பிறகு ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறையை மேஜைமேல் வைத்தாள். உள்ளே நீலத் துண்டு.

யாரும் கேட்காமலே சுன்னிவா எழுந்துபோய்த் தன் பழைய சுரண்டியை எடுத்துவந்தாள். துண்டை அதோடு சேர்த்து வைத்தாள். இடைவெளியே தெரியவில்லை.

"வெள்ளிக்கிழமை ஒரு மணிக்கே சொன்னேன்" என்றாள்.

ஐலெர்ட் தலையைச் சொறிந்தான். "இவங்க தெனமும் ஏதாவது காணோம்னு வருவாங்க. உடைஞ்சதுன்னு சொன்னதா ஞாபகம் இல்ல."

அந்தப் பெண் குன்வோரைப் பார்த்தாள். "நீங்க பக்கத்துல நின்னிருக்கீங்க. சொன்னாங்களா?"

வெள்ளிக்கிழமையின் டிடெக்டர் தாள் மேஜைமேல் கிடந்தது. குன்வோரின் கையெழுத்தில் பூஜ்யம், வட்டமாக, அழகாக. யோரிட் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் அருகே குன்வோரின் நாற்காலி.

"எனக்கு எதுவும் கேக்கல."

"சத்தமான எடம்" என்று யோரிட் சேர்த்துக்கொண்டாள்.

சுன்னிவா சண்டை போடவில்லை. உடைந்ததைச் சொல்லவில்லை என்று அன்றைக்கே அவளை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். மதியம் தன் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தாள். குன்வோர் தண்ணீர்ப் புட்டியை எடுக்க உள்ளே வந்து, அவளைப் பார்த்ததும் நின்றாள்.

"நான் வர்றதுக்கு முன்னாடி யாரோட சுரண்டி தொலையும்?" என்று சுன்னிவா கேட்டாள்.

"ஞாபகம் இல்ல."

சுன்னிவா தலையாட்டினாள். "தொட்டிக்குப் பக்கத்து அலமாரியில, கீழ்த்தட்டுல, நீளக் கையுறை இருக்கு. தோள் வரைக்கும் வரும். அதப் போட்டுக்கோ. முள்ளு குத்தாது."

மறுநாள் பலகைக்கு மேலே புதிய அறிவிப்பு ஒட்டியிருந்தது. எவருடைய கருவியில் ஒரு துண்டு குறைந்தாலும், அது கிடைக்காவிட்டால், அவருக்கு அன்றோடு வேலை முடிந்தது. ஐலெர்ட் எல்லோரையும் அதில் கையெழுத்திட வைத்தான்.

அதற்கடுத்த திங்கள், ஒன்று ஐம்பது. கடைசிப் பொட்டலங்கள் பெல்ட்டில் போய்க்கொண்டிருந்தன. குன்வோர் தன் டிடெக்டரை விட்டுப் பலகைப் பக்கம் வந்தாள். அவளுடைய ஏழாம் எண்ணுக்கு எதிரே வெறும் கறுப்பு உருவம்.

"ஐயோ, குன்வோர்" என்றாள் யோரிட். "பழைய வேலை மறந்திருக்காதே?"

பின்னாலிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு குன்வோருக்கு நன்றாகத் தெரியும். ஆறு மாதம் அவளும் அதைச் சிரித்திருக்கிறாள். அலமாரியைத் திறந்து கீழ்த்தட்டில் கையை விட்டாள். கையுறை அங்கேயே இருந்தது.

தொட்டியில் தோள் வரை இறங்கினாள். தோல்கள், முட்கள், வழுவழுப்பு. அடியில் விரலுக்குச் சுரண்டி தட்டுப்பட்டது. வெளியே எடுத்து, ஒட்டியிருந்த தோலை உரித்தாள்.

ஒரு மூலை இல்லை. முறிந்த இடம் வெளுத்திருந்தது.

ஐலெர்ட் கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு அறிவிப்பைப் பார்த்தான். "துண்டு எங்க?"

குன்வோர் யோரிட்டைப் பார்த்தாள். யோரிட்டின் இடது கை மூடியிருந்தது.

அது மிட்டாயாக இருக்கலாம். அப்படியானால் துண்டு மாவில் இருக்கிறது, பெல்ட்டை நிறுத்தச் சொல்ல வேண்டும், சொன்னதும் வேலை போகும். அது துண்டாக இருக்கலாம். அப்படியானால் யோரிட்டுக்கு மனம் வரும்வரை இப்படியே நிற்க வேண்டும். கையைத் திற என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அவள் மறுபடி தொட்டிக்குள் குனிந்தாள். பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது.

"மாட்டுச்சா?" என்றாள் யோரிட்.

"தேடுறேன்" என்றாள் குன்வோர்.