பாடத் தெரியாதவரின் வல்லூறு

1

இந்தக் கதையை நான் திருடினேன். பக்கத்து வீட்டு நுன்ட்சியா, மதில் மேல் தக்காளி காயவைத்தபடி சொன்னது. சொல்லும்போது மூன்று முறை சிரித்தாள். சிரிப்பை எழுத எனக்கு வராது. அதனால் வல்லூறைப் பற்றி எழுதுகிறேன்.

தொடக்கங்கள்:

எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் இந்த மலைமேல் ஓர் அரசன் வல்லூறு பறக்கவிட்டு

(விட்டுவிட்டேன். அரசர்களுக்கு எழுத ஆள் உண்டு.)

அணுவுக்குள் நடப்பதை உலகுக்குச் சொன்ன இயற்பியலாளர் ருஜ்ஜேரோ லான்சிலோத்தா

(எனக்கும் இரண்டு முறை சொன்னார். புரியவில்லை.)

2

ருஜ்ஜேரோ நுன்ட்சியாவின் கணவர். ஓய்வு பெற்று ஊருக்கு வந்ததும் ஒரு வல்லூறு வளர்த்தார். பழைய அரசவை வேட்டைக்காரர்களின் முறைப்படி. அதில் இரண்டு விதிகளை விடாமல் பிடித்துக்கொண்டார்.

ஒன்று: இரை கொடுக்கும்போதெல்லாம் ஒரே பாட்டைப் பாடு. பறவை அந்தப் பாட்டுக்குத்தான் திரும்பும்.

இரண்டு: பறக்கவிடுமுன் எடை போடு. வயிறு நிறைந்த வல்லூறுக்கு நீ தேவையில்லை.

அவருக்குத் தெரிந்த பாட்டு ஒன்றே ஒன்று. பழைய சலவை சோப்பு விளம்பரம். மூன்று வரி. கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு பாடுவார்.

அக்டோபரில் ஒரு காலை, பெரிய பரிசு அவருக்கென்று தொலைபேசி வந்தது. கொட்டகைக்கு ஓடினார். முழுக் காடையையும் வல்லூறுக்குக் கொடுத்தார். எடை போடவில்லை. பத்திரிகைக்காரர்கள் வந்து பறவையோடு படம் கேட்டதும் சதுக்கத்துக்குப் போய்ப் பறக்கவிட்டார்.

[இங்கே பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம். இத்தனை பெரிய மூளை இதை மறக்குமா? நுன்ட்சியாவிடம் கேட்டேன். "கணக்குல அந்த மனுஷன் புலி. சந்தோஷத்துலதான் பழக்கமில்ல."]

3

வல்லூறு மணிக்கூண்டில் போய் உட்கார்ந்தது. மணி பதினொன்று ஐம்பது. பன்னிரண்டுக்கு மணி அடித்தால் மிரண்டு கடல் பக்கம் போய்விடும். மூன்று வருட வளர்ப்பு. பரிசு வேண்டுமானால் போகட்டும் என்று அவர் சொன்னதை நான்கு கேமராக்கள் பதிவு செய்தன.

கீழே கயிற்றைப் பிடித்தபடி டொனாட்டோ, கோயில் மணிக்காரன்.

"டொனாட்டோ, இன்னிக்கு ஒரு நாள் விட்டுடுப்பா."

"எங்கப்பா செத்த அன்னிக்கே அடிச்சவன் நான், புரொபசரே. இந்த மணிய கேட்டுத்தான் ஊரே உலையில பாஸ்தா போடுது."

"என் பறவை போயிடும்."

"அப்போ பாடுங்க. பாடினா வரும்னு வீட்ல சொல்றாங்களே."

"இவ்ளோ பேர் முன்னாடியா?"

நுன்ட்சியா முன்னால் வந்தாள். "பாடுய்யா. என் காது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? ஊரும் கேக்கட்டும்."

பாடினார். சுருதி ஓர் இடத்திலும் நிற்கவில்லை.

"புரொபசரே, அந்த சோப்பு இப்ப வர்றதில்ல!" என்று மீன்காரி கத்தினாள். கத்திவிட்டு இரண்டாம் வரியை அவளே எடுத்தாள். மூன்றாம் வரியில் ரொட்டிக்கடைக்காரர், போலீஸ்காரர், பத்திரிகைக்காரர்கள், எல்லோரும்.

[நானூறு பேர் பாடினால் வல்லூறு என்ன செய்யும் என்று பழைய விதிகளில் இல்லை.]

வல்லூறு தலையைத் திருப்பியது.

4

முடிவுகள்:

அ. இறங்கி வந்து கையுறையில்

(இனிப்பு அதிகம்.)

ஆ. பறந்து போயிற்று. அவர் நின்று

(நுன்ட்சியா என்னோடு பேசமாட்டாள்.)

நடந்ததை அவள் சொன்னாள். எழுதினேன். கோடு போட்டு அடித்துவிட்டேன். பசியில்லாத பறவை எதற்காக இறங்கும், அல்லது எதற்காக இறங்காது என்று நான் சொன்னால் அது என் கருத்தாகிவிடும்.

நான் அன்று சதுக்கத்தில் இல்லை. வீட்டில் இருந்தேன். எனக்கே தெரிந்தது ஒன்றுதான்: அன்று பன்னிரண்டுக்கு அடிக்க வேண்டிய மணி, பன்னிரண்டு இருபதுக்கு அடித்தது.

அந்த இருபது நிமிடத்தை உங்களிடம் விடுகிறேன். பாட்டு மொத்தம் மூன்று வரி என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.